எத்தனை கோள்? – 6: பாம்பும் பாதிரியும்

சித்திரை வருடப் பிறப்பு வந்தால் எங்கள் வாகரை வளவில் முதல் வழக்கு மருத்துநீருக்குத்தான். கலண்டர்த் தாளில் இரண்டு நேரம் அச்சடித்திருக்கும். வாக்கிய பஞ்சாங்கப்படி ஒன்று, திருக்கணித பஞ்சாங்கப்படி மற்றது. அம்மா வாக்கியம். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா திருக்கணிதம். ஒருவர் மருத்துநீர் வைத்து முழுகித் தலை துவட்டுகிற நேரத்தில் மற்றவர் இன்னும் போன வருடத்திலேயே நின்று முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார். "ஒங்கட வருசம் இன்னும் பொறக்கல்லையாக்கா?" என்று அம்மா வேலிக்கு மேலால் கேட்பார். பெரியம்மா பதில் சொல்ல மாட்டார். விளக்குமாற்றின் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

அந்த வேலிக்கு முதலில் நட்ட கதியால்களில் ஒன்று 1829ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் கிடக்கிறது. இந்த வாரம் அதைப் பிடுங்கிப் பார்ப்போம்.

சென்ற வாரம் எங்கே நிறுத்தினோம்? 1801 ஜனவரி முதலாம் திகதி இரவு, சிசிலியின் பலேர்மோ நகரில் கியுசெப்பே பியாசி என்ற துறவி சீரிசைக் கண்டார். அடுத்த ஆண்டு பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா. நான்கும் கோள் என்றே பட்டியலில் ஏறின. தொலைகாட்டியில் வட்டமாகத் தெரியாமல் நட்சத்திரம்போல வெறும் புள்ளியாகத் தெரிகிறவற்றைக் கோள் என்பதா என்று இழுத்தவர் வில்லியம் ஹெர்ஷல். அவர் பேச்சு எடுபட நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. 1781இல் அவரே கண்ட யுரேனசையும் சேர்த்து, மேல்நாட்டு ஏட்டில் அப்போது கோள் பதினொன்று. அந்த ஏட்டைப் படித்த ஒருவர் கப்பலேறி யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார் என்று முடித்திருந்தேன்.

அவர் பெயர் டானியல் பூவர். அமெரிக்க மிஷன் பாதிரியார். 1816இல் இலங்கைக்கு வந்தவர். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறிக்கு அவரே தலைவர். எங்கள் மட்டக்களப்பில் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் 1814இலேயே பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். ஆனால் வானத்தை வைத்துச் சண்டை பிடித்தது வடக்குத்தான். அதற்கு இடத்தின் அமைப்பும் ஒரு காரணம் என்பேன். வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊர் அராலி. அராலி, பஞ்சாங்கக்காரரின் ஊர். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே பஞ்சாங்கம் கணிக்கப்பட்டு வந்தது. பூவர் காலத்தில் அந்தக் கணக்கு விசுவநாத சாஸ்திரியார் கையில் இருந்தது. வண்ணைக் குறவஞ்சி பாடிய அதே சாஸ்திரியார்தான்.

ஒரு ஊரில் தொலைகாட்டி. நடந்து போகும் தூரத்தில் ஏடு. மோதாமல் என்ன செய்யும்?

*

மோதல் எதைப் பற்றியது என்று முதலில் பார்த்துக்கொள்வோம். கோயிலில் கோள் ஒன்பது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, பிறகு பாம்பு இரண்டு. சம்பந்தர் கோளறு பதிகத்தில் எண்ணியதும் இந்த ஒன்பதைத்தான். பாதிரியார் பட்டியலோடு இதை ஒப்பிட்டால் இரண்டுக்கும் பொதுவாக ஐந்துதான் தேறும்: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. சூரியன், சந்திரன், ராகு, கேது நான்கையும் பாதிரியார் அடித்துவிடுவார். பூமி, யுரேனஸ், வெஸ்டா, ஜூனோ, சீரிஸ், பல்லாஸ் ஆறையும் புதிதாக எழுதுவார். இந்த ஆறில் தொண்டையில் சிக்குவது பூமி. காலுக்குக் கீழே கிடப்பதைக் கொண்டுபோய் சனியனோடு சேர்த்து எண்ணச் சொன்னால் யாருக்குத்தான் இலேசில் இறங்கும்?

நவக்கிரகப் பீடத்தை நின்று பார்த்திருக்கிறீர்களா? சுற்றத்தான் நமக்கு அவசரம். அடுத்த முறை ஒரு நிமிடம் நில்லுங்கள். எண்ணெய்க் கறை ஏறிய ஒன்பது உருவங்கள். ஒன்றின் முகம் மற்றொன்றைப் பாராது. நடுவில் நிற்பது சூரியன். கணக்கில் பூமியை நடுவில் வைத்த நம்மவர்கள் கல்லில் சூரியனை நடுவில் வைத்தார்கள். கொப்பர்நிக்கஸைப் படித்து வைத்ததில்லை. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். கோள் என்பது 'கொள்' என்ற வினையிலிருந்து வந்தது. பற்றிக்கொள்வது கோள். வடமொழியில் கிரகம் என்றாலும் பற்றுவதுதான்; கிரகணமும் அதே வேரில் முளைத்தது. 'கிரகணம் பிடிச்சிருக்கு', 'சனி பிடிச்சிருக்கு' என்று நாம் இன்றும் சொல்வது அந்தப் பழைய பொருளில்தான். கிரேக்கர் தங்கள் சொல்லுக்கு வைத்த பொருள் அலைகிறவன். நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்க, தான் மட்டும் இடம் மாறுகிறவன். அந்தப் பொருளில் சூரியனும் சந்திரனும்கூட அலைகிறவர்களே. அதனால் கிரேக்கர் கணக்கிலும் அவை கோள்களாகத்தான் இருந்தன. சூரியனைச் சுற்றுவதுதான் கோள் என்பது கொப்பர்நிக்கசுக்குப் பிறகு மேல்நாட்டில் ஒட்டிக்கொண்ட புதுப் பொருள்.

அராலியில் ஒரு பொருள், வட்டுக்கோட்டையில் இன்னொரு பொருள். இதைத் தீர்க்க இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அதற்குள் ஒரு கிரகணம் வந்துவிட்டது.

*

1829 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பறுவம். சந்திர கிரகணம்.

பஞ்சாங்கத்தில் நேரம் போட்டிருந்தது. பூவர் மேல்நாட்டு முறையில் தானும் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்துவரவில்லை, நேரத்திலும் வித்தியாசம், எவ்வளவு மறையும் என்பதிலும் வித்தியாசம். வேறு ஒருவராயிருந்தால் அராலிக்கு ஆள் அனுப்பி விசாரித்திருப்பார். பூவர் வித்தியாசத்தை ஊரறியச் சொன்னார். எது சரி என்பதை வானமே சொல்லட்டும் என்று விட்டார்.

சாஸ்திரியார் எப்படிக் கணித்தார் என்று தெரியாமல் அந்த மாலையின் சூடு நமக்கு விளங்காது. வாக்கியம் என்பது உண்மையிலேயே வாக்கியம்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். எழுத்துகளைக் கோத்து, நாக்கில் நிற்கிற மாதிரி ஒரு சிறு தொடர். சந்திரன் ஒரு சீராக ஓடுகிறவன் அல்லன். வேகம் கூடிக் குறைந்து ஏறத்தாழ இருபத்தேழரை நாளுக்கு ஒரு தடவை பழைய நடைக்கு வருவான். அந்தச் சுற்று ஒன்பது முடிய 248 நாள். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியம். அதற்கு மேல் 3031 நாள், 12372 நாள் என்று பெரிய சுற்றுகள். எல்லாம் மனப்பாடம். ஏடு கையில் இருப்பது அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான்.

இதை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் ஜோன் வொரன், சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணி செய்திருந்த படை அதிகாரி. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, வாயால் வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அவற்றை நகர்த்தியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. 1825 மே 31 இரவு நடந்த கிரகணம் அது. தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

52 நிமிடம் என்பதைக் கேட்டுச் சிரிக்கலாம். சோழியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

வட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம். பூமியின் நிழல் அன்று நிலவை முழுதும் மூடவில்லை, ஓரத்தைக் கடித்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையில் கடிகாரம் இருந்தது. அப்பம் கடித்தது எவ்வளவு என்று குழந்தையும் சொல்லும் அல்லவா, அதுபோல இதையும் யாரும் பார்த்துச் சொல்லலாம்.

பாதிரியார் கணக்கு வென்றது.

*

மிஷன் பதிவுகள் இந்த வெற்றியைக் கொண்டாடின. கிரகணத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் மோட்சத்தை எப்படிச் சொல்வார்கள் என்ற தொனியில் பிரசங்கம் வளர்ந்தது. பாம்பு விழுங்குகிறது என்று நம்புகிறவர்கள் என்று பஞ்சாங்கக்காரரைக் கேலி செய்வதும் அக்காலத்துப் பழக்கம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நேரக் கணக்கில் சாஸ்திரியார் தோற்றார். அதை மூடி மறைக்க எனக்கு ஆசையில்லை. பழைய சூத்திரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் திருத்தாமல் ஓடினால் அப்படித்தான் விலகும். ஆனால் பாம்புக் கேலி தப்பு. சாஸ்திரியாரின் கணக்கில் பாம்பே கிடையாது. அதில் இருந்தது ஒரு புள்ளி.

சூரியன் போகும் பாதை ஒன்று, சந்திரன் போகும் பாதை ஒன்று என்று வானத்தில் இரண்டு வளையம் கற்பனை செய்யுங்கள். சந்திரனின் வளையம் 5 பாகை சரிந்தது. ஆகவே இரண்டு வளையமும் எதிரெதிரே இரண்டு இடத்தில் வெட்டும். பறுவம் அந்த வெட்டும் இடத்துக்குக் கிட்ட வந்தால்தான் நிலவு பூமியின் நிழலுக்குள் போகும். மற்றப் பறுவங்களில் நிழலுக்கு மேலாலோ கீழாலோ தப்பிப் போய்விடும். ஒரு வெட்டுக்கு ராகு என்று பெயர், மற்றதற்குக் கேது. அவ்வளவுதான். கிரகணம் நிழலால் வருவது என்பதை ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார்.

ராகு உடம்பில்லாத புள்ளி என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் பஞ்சாங்கமே சாட்சி. ராகுவும் கேதுவும் எப்போதும் ஒன்றுக்கொன்று ஏழாம் இடம். வளையத்தில் நேரெதிர் வெட்டுகள் வேறெப்படி நிற்கும்? மற்றக் கோள்கள் முன்னே போகும், இவை இரண்டும் பின்னே வரும். இராசிக்கு ஏறத்தாழ ஒன்றரை வருடம். பெயர்ச்சி என்று பத்திரிகைகள் பலன் போடுமே, அதுதான். பன்னிரண்டு இராசியும் சுற்றிவர வானியலார் கணக்கில் 18 வருடமும் ஏழு மாதமும். விழியால் காண முடியாத ஒரு புள்ளியை இவ்வளவு ஒழுங்காகத் துரத்திப் பிடித்திருக்கிறார்கள். பாம்பு அந்தப் புள்ளிக்குப் போட்ட சட்டை.

இதை ஒருநாள் பனிச்சங்கேணிப் பக்கம் களப்பில் வலை இழுத்துவிட்டு வந்த மாமா ஒருவரிடம் விளக்கினேன். தோணியின் கொம்பில் இருந்து வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிலாக் காலத்து நண்டு, சதை இல்லை என்று இரண்டைத் திரும்பத் தண்ணீரில் எறிந்தார். நான் சொன்னது முழுவதையும் கேட்டார்.

"அப்ப ராகு எண்டு ஒண்டும் இல்லையா மனே?"

"இல்ல மாமா, ஒரு இடம். சந்தி மாதிரி."

"சந்தியில தானே மனே எக்சிடன் நடக்கிற" என்றார்.

பாதிரியாருக்கு இப்படி ஒரு மாமா கிடைத்திருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கும். பற்றுவது கோள் என்ற பழைய பொருளில், ஒன்பதிலும் ராகுவைப் போல அந்தப் பெயருக்குத் தகுதியானது வேறில்லை. சூரியனைச் சுற்றுவது கோள் என்ற புதுப் பொருளில் அவருக்கு இடமே இல்லை. பூவரும் சாஸ்திரியாரும் வானத்தில் ஒரே இடத்தைத்தான் கணித்தார்கள். ஒருவர் அதற்கு வெட்டுப்புள்ளி என்றார், மற்றவர் ராகு என்றார்.

*

பாதிரியாரின் பதினொன்று என்ன ஆனது?

பதினாறு வருடம் தாக்குப்பிடித்தது. 1845 டிசம்பரில் ஐந்தாவது குட்டிக் கோள், அஸ்ட்ரேயா. மறு வருடம் செப்டெம்பரில் நெப்டியூன். பிறகு மடை திறந்துவிட்டது. வட்டுக்கோட்டை செமினறியில் பூவருக்குப் பின்வந்த ஹென்றி ஹொய்சிங்டன், தமிழர் சோதிடக் கணிதத்தை முறையாகக் கற்று, தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அதை யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட வருடம் 1848. அந்த வருடம் மேல்நாட்டுப் பட்டியலைப் பிடிவாதமாக எண்ணினால் கோள் பதினேழு. 1852 முடியும்போது குட்டிகள் மட்டும் இருபத்துமூன்று. ஒன்பதைக் கேலி செய்தவர்கள் முப்பத்தொன்றை மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை. பெர்லின் வானியல் ஆண்டேடு சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தது. குட்டிகளைக் கோள்களின் பக்கத்திலிருந்து கிளப்பி, புத்தகத்தின் பின்பகுதிக்குத் தள்ளியது. சீரிசுக்கும் அதே கதிதான். வாக்கெடுப்பு இல்லை, தீர்மானம் இல்லை. அரை நூற்றாண்டு கோளாக இருந்தது பின்பக்கத்துக்குப் போயிற்று.

இந்தத் தொடரை எழுத என்ன காரணம் என்று ஒரு வாசகர் கடிதத்தில் கேட்டிருந்தார். அதை இங்கே சொல்லிவிடலாம். 2006 ஓகஸ்ட் மாதம். மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டு, சனங்கள் வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம், மரநிழல் எல்லாம் ஆட்கள். அதே மாதம் செக் நாட்டின் பிராக் நகரில் அனைத்துலக வானியல் ஒன்றியம் கூடியிருந்தது. 16ஆம் திகதி ஒரு வரைவு வைத்தார்கள். அதன்படி கோள் பன்னிரண்டு ஆகும், சீரிஸ் திரும்பப் பட்டியலில் ஏறும். எட்டு நாளில் அது கவிழ்ந்தது. 24ஆம் திகதி மண்டபத்தில் மஞ்சள் அட்டைகளை உயர்த்தி, புளூட்டோவை இறக்கினார்கள். கோள் எட்டு.

நான் அதைப் படித்தது அடுத்த வருடம், வாகரை கைமாறி, ஊருக்குத் திரும்பிய பிறகு. தேநீர்க் கடையில் வடை சுற்றித் தந்த தாளில். எண்ணெய் ஊறிப் பாதி எழுத்து மறுபக்கத்தோடு கலந்திருந்தது. புளூட்டோ, கோள், இல்லை என்ற மூன்று சொல்லும் மட்டும் தெரிந்தன. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். நான் பள்ளியில் படித்த கோள் ஒன்பது, கோயிலில் சுற்றிய கோளும் ஒன்பது. இரண்டும் ஒன்று என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். வேறு வேறு ஒன்பது! புளூட்டோ கண்டுபிடித்த 1930இலிருந்து 76 வருடம் தற்செயலாக ஒத்திருந்த எண்ணிக்கை அந்த வியாழக்கிழமையோடு பிரிந்துபோயிருந்தது. கோயில் ஒன்பதில் நிற்கிறது. பள்ளிக்கூடம் எட்டுக்கு வந்துவிட்டது.

பிராக் மண்டபத்துக்குள் பிறகு விரிவாகப் போவோம். இப்போது நாம் அவசரமாகச் சென்னைக்குக் கப்பலேற வேண்டும்.

1861 ஏப்ரல் 17 இரவு. நுங்கம்பாக்கம். வான்நோக்கு நிலையத்துக்குப் புதிதாக வந்த நார்மன் பொக்சன் தொலைகாட்டியில் கண் வைத்திருக்கிறார். வெளிச்சம் மங்கிய ஒரு புள்ளி. அவரிடம் இருக்கும் விண்மீன் படத்தில் அந்த இடம் காலி. அது நட்சத்திரம் இல்லை; அது நகர்கிறது. ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள். பொக்சன் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். கொடுத்த இலக்கம் 67. பத்து வருடம் முந்திக் கண்டிருந்தால் கோள் என்று பாராட்டியிருப்பார்கள். இப்போது பின்பக்கத்தில் ஒரு வரி.

அதே நிலையத்தில் ஓர் உதவியாளர். பரம்பரைப் பஞ்சாங்கக் குடும்பத்துப் பிள்ளை. பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒரு கண் தொலைகாட்டியில், மறு கண் வாக்கியத்தில். அராலியில் வெளியிலிருந்து பாதிரியார் எறிந்த கல்லை, இவர் வீட்டுக்குள்ளேயே இருந்து எறியப் போகிறார். திருக்கணிதம் என்ற பெயரில். எங்கள் பெரியம்மாவின் கட்சி தொடங்குவது அங்கேதான்.

அவர் எறிந்த கல் யார் மீது விழுந்தது, யார் திருப்பி எறிந்தார்கள்? அடுத்த வாரம். அதுவரைக்கும் உங்கள் வீட்டுக் கலண்டரைத் திருப்பி, நீங்கள் எந்தக் கட்சி என்று பார்த்து வையுங்கள்.